தாழம்பூ என்று சொன்னவள்

வடக்குப்பட்டில் கனகத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்லவள், வாயில்லாப் பூச்சி, மூத்தாள் பெண்ணைத் தன் பெண்ணாக வளர்த்தவள் என்று. இதில் வாயில்லாப் பூச்சி என்பது மட்டும் சுத்தப் பொய். கனகத்துக்கு வாய் நன்றாகவே இருந்தது. திறந்தால் அந்த ஒரு விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் கல்யாணமான நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தனம் செய்தவள் அவள்.

அந்த விஷயத்தைச் சொல்லிவிடலாம். அவள் வீட்டில் மூத்தாள் என்று விளக்கேற்றிப் புடவை வைத்துக் கும்பிட்டுவந்தார்களே, அது மூத்தாள் இல்லை. வேறு யாரோ ஒருத்தி.

கனகம் எல்லப்பனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் ராஜாமணி ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்ட பங்களாவில் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். பட்டணத்து முதலாளி ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பங்களா அது. சுற்றிலும் மல்லித் தோட்டம், பின்னால் படிகள் இறங்கும் பெரிய கிணறு. ஒருநாள் தண்ணீருக்கு இறங்கிய ராஜாமணி பாசியில் கால் வழுக்கிப் போய்விட்டாள். வீட்டில் தவழுகிற வயசில் ஒரு பெண் குழந்தை, ஜெயம். போலீஸ், கேஸ் என்று வந்துவிடப் போகிறதே என்று பங்களா மேனேஜர் உடம்பைக் கொடுத்த கையோடு கேட்டைப் பூட்டினவர்தான், அதற்குப் பிறகு ஊர்க்காரர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். பங்களா பாழடைந்தது.

குழந்தைக்கு ஆள் வேண்டுமே என்று அவசர அவசரமாகக் கனகத்தைக் கட்டிவைத்தார்கள். வந்த மாதமே அவளுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது, மருந்துக்கு இறங்கவில்லை. கேட்க வேண்டியவளைக் கேட்காமல் தாலி கட்டினால் சும்மா விடுவாளா என்று ஊர் பேச ஆரம்பித்தது.

கழுத்தில் தாலியோடு செத்துப்போகிற பெண்ணை அந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். செத்தாள், போனாள் என்று விட்டுவிடுகிற வழக்கம் இல்லை. உயிர் போன தண்ணீருக்கே போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கலசத்தில் வீட்டுக்கு அழைத்துவந்து உட்காரவைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு புடவை. வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் தாம்பூலம் அவளுக்கு. வந்தது அவள்தானா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. முடிச்சில் ஒரு பொருளை மறைத்துவைத்து, கலசம் ஏந்தினவள் மேலே வந்தவளிடம் அது என்ன என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் வந்தது நம் வீட்டு ஆள்.

ராஜாமணி போனது கிணற்றில். கிணறு இருந்தது பூட்டின கேட்டுக்குள். கனகத்தின் மாமியார் யோசித்தாள். ஏரித் தண்ணீர்தானே கிணற்றில் ஊறுகிறது, ஏரிக்கரையில் கூப்பிட்டால் காதில் விழாமலா போகும் என்று அவளே ஒரு தீர்ப்பைச் சொன்னாள். மாமியார் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பம்பைக்காரர் தணிகாசலத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சலோடு கனகத்தை முழங்கால் தண்ணீரில் நிறுத்திக் கையில் கலசத்தைக் கொடுத்தார்கள்.

பம்பை முழங்கியதும் கனகத்தின் பாதத்தில் ஒரு குளிர்ச்சி தொட்டது. அது மெதுவாகக் காலில் ஏறி, இடுப்பில் ஏறி, கழுத்துக்கு வந்தது. மற்றவர்களுக்கு மேலே வந்தால் நினைவு தப்பிவிடும் என்பார்கள். அவளுக்குத் தப்பவில்லை. தன் வாயில் வேறொருத்தி பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சில் மறைத்துவைத்திருந்தது மல்லி, தோட்டத்தில் ராஜாமணி பறித்த பூவாயிற்றே என்று.

தணிகாசலம் கேட்டார்: "முடிச்சுல இன்னா கீது?"

"தாழம்பூ" என்றது கனகத்தின் வாய்.

ஒரு நிமிஷம் பம்பை நின்றுபோனது. ஏரிக்கரையில் பார்க்கும் இடமெல்லாம் தாழம்புதர். அந்த வாசனையிலேயே கிடந்தவளுக்குத்தான் அது முதலில் வாயில் வரும். அங்கே நின்ற எல்லோருக்கும் இது விளங்கியிருக்கும். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, குழந்தை அழுதுகொண்டிருந்தது. பூ என்று சொன்னாளே, அது போதாதா, மல்லியானால் என்ன தாழம்பூவானால் என்ன என்றாள் மாமியார். தணிகாசலமும் பம்பையை இரண்டு மடங்கு பலமாக அடித்துச் சந்தேகத்தை அமுக்கிவிட்டார். கலசம் வீட்டுக்கு வந்தது. மறுநாளே காய்ச்சல் விட்டது. பிறகு யார் பேசுவார்கள்?

கனகத்துக்கு மட்டும் தெரியும். ஏறின குளிர்ச்சி இந்த வீட்டுக்கு வழி தெரியாத குளிர்ச்சி. நடையில் தயங்கியது, வாசற்படியில் தயங்கியது, குழந்தையின் தூளியைக் கண்டதும் நின்றே விட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பூசைப் பெட்டியைத் திறந்து போன வருஷத்துப் புடவையை எடுத்தால், கொசுவத்தின் அடியில் ஈரக் களிமண் ஒட்டியிருக்கும். ஏரிக் களிமண், கறுப்பாக. கனகம் யாரும் பார்ப்பதற்குள் அலசிப் போட்டுவிடுவாள். ஜெயத்துக்கு அம்மை வார்த்திருந்தபோது வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்தபடியே அசந்துபோனாள். விழித்துப் பார்த்தால் தூளி ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் தூளிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது, தாழம்பூ மணத்தது. குழந்தை நிம்மதியாகத் தூங்கியதையும் பார்த்தாள். பயப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

கனகத்துக்கு வேறு குழந்தை இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்தாள். ஜெயம் வளர்ந்தாள், நெட்டையாக, இடது புருவத்தில் ஒரு பிளவோடு. எல்லப்பன் அந்தப் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சேரப்பணஞ்சேரியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தார்கள். அன்றிலிருந்து கனகத்துக்குத் தூக்கம் போயிற்று. பெற்றவளிடம் உத்தரவு கேட்காமல், யாரோ ஒருத்திக்கு முதல் தாம்பூலம் வைத்து, இந்தப் பெண்ணை எப்படி அனுப்புவது? நாளைக்கு அங்கே ஒன்று ஆகிவிட்டால் பழி யார்மேல்? சரி, பெற்றவளைப் போய்க் கூப்பிடலாம் என்றால் அதிலும் ஒரு பயம். அவள் வந்து, என் பெண்ணைக் கொடு என்று கேட்டுவிட்டால்? வளர்த்தவள் என்ற பட்டத்தைத் தவிர கனகத்திடம் வேறு என்ன இருந்தது?

பங்களா கேட் அப்போது திறந்துதான் கிடந்தது. எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் அந்தப் பாழடைந்த இடத்தை எடுத்து, புதரை வெட்டி, குரோட்டன்ஸ் வைத்து, ஊஞ்சல் போட்டுப் பூங்காவாக்கியிருந்தது. பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய மண்வெட்டி, தண்ணீர் இறைக்கிற கவலைச் சால், பூக்கூடை, முதலாளியின் நாற்காலி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பாரம்பரிய நிலையம் என்று போர்டு மாட்டினார்கள். ஊரில் ஒருவருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. உள்ளே ஆள் உயரத்தில் ஒரு பூப்பறிக்கிற பெண் பொம்மை இருந்ததால் பொம்மை பங்களா என்றே சொன்னார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட இருந்தார்கள். எல்லப்பன் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கனகமும் போனதில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பூங்கா பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னாள். முந்தானையில் ஒரு முடிச்சு. அதில் ஜெயம் குழந்தையாக இருந்தபோது ராஜாமணி கட்டிவிட்ட அரைஞாண் கயிறு, வெள்ளி இலையோடு. குழந்தையைத் தூக்கிக்கொண்ட முதல் நாளே கயிறு இற்றுப்போயிருந்ததைப் பார்த்துக் கழற்றி, ஒருவரிடமும் காட்டாமல் எடுத்துவைத்திருந்தாள். பூவென்றால் யார் வேண்டுமானாலும் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். இதைப் பெற்றவளைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

வாட்ச்மேன் அப்பாவு கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றத் தேவையில்லை என்றான். இருவரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

உள்ளே வெயிலே இல்லை. சன்னல்களில் பழைய பச்சைக் கண்ணாடி. குளத்துக்குள் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் தெரிகிற வெளிச்சம் கூடமெல்லாம் நிறைந்திருந்தது. கூரை உயரத்தில், எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம். மண்வெட்டிகள், சால், நாற்காலி எல்லாம் தாண்டி, பின்கதவுக்குப் பக்கத்தில் பொம்மை நின்றது. இடுப்பில் கூடை, கூடையில் காகித மல்லி. பின்கதவு வழியாகப் பார்த்தால் கிணறு, மேலே இரும்பு வலை.

பொம்மையைப் பார்த்த மாத்திரத்தில் கனகம் நடையை நிறுத்திவிட்டாள். ராஜாமணியின் போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவள் எப்படி இருப்பாள் என்று கனகத்துக்குத் தெரியாது. ஆனால் ஜெயத்தைத் தெரியுமே. அதே உயரம், அதே தாடை, இடது புருவத்தில் அதே பிளவு. நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

பின்னாலேயே வந்த அப்பாவு அலுத்துக்கொண்டான். மேனேஜர் ரூமில் கிடந்த பழைய போட்டோ ஒன்றைப் பார்த்துப் பட்டணத்து ஆர்ட்டிஸ்ட் செய்த பொம்மையாம் இது. வருகிற பொம்பளைகள் எல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்களாம், ஆபீசர் வந்தால் திட்டு வாங்குவது இவனாம். "தொடாதம்மா. இது சாமி இல்ல, சுண்ணாம்பு. காலைல வந்து பாத்தா காலாண்ட தண்ணி வேற நிக்குது. மழையே இல்ல, எங்கேந்து ஒழுவுதுன்னே தெரியல" என்றான். அப்படிச் சொன்னவன் பொம்மையைச் சுற்றி ஓர் அடி தள்ளியே நடந்து வாசலுக்குப் போனான்.

கனகம் மனசுக்குள் கூப்பிட்டாள். பம்பை கிடையாது, கற்பூரம் கிடையாது. அக்கா, நான்தான் உன் எடத்துக்கு வந்தவ, உன் பொண்ணுக்குக் கல்யாணம் என்று மட்டும் சொன்னாள். பாதத்தில் குளிர்ச்சி தொடும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தொடவில்லை. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கூப்பிட்டாயிற்று, வரவில்லை, நம்மேல் தப்பில்லை என்று நினைத்துத் திரும்பினாள்.

ஜெயம் பொம்மைக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். பொம்மை நின்றது போலவே ஒரு பக்கம் இடுப்பை ஒடித்து, அந்தரத்தில் கூடை பிடித்தபடி. கூடம் முழுக்க மல்லி மணத்தது. வெளியே இருந்தது வெறும் குரோட்டன்ஸ், உள்ளே இருந்தது வெறும் காகிதம்.

கனகம் கிட்டே போனாள். முந்தானை முடிச்சை எடுத்து நீட்டினாள். கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

"முடிச்சுல இன்னா கீது?"

ஜெயம் முடிச்சைப் பார்க்கக்கூட இல்லை. "எம் பொண்ணு அர்ணாக்கவுறு" என்றாள். குரல் அவளுடையது இல்லை. ஆழத்திலிருந்து படியேறி வருகிற குரல். "எல தொங்கினே இருந்துச்சின்னு பல்லால கடிச்சி வளச்சேன். பல்லு பட்ட எடம் நசுங்கி கீது."

நசுங்கித்தான் இருந்தது. அந்தத் தழும்பு ஏது என்று எத்தனையோ தடவை கனகம் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. பயத்தில் வந்ததா, பாசத்தில் வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று இத்தனை வருஷம் பயந்ததைக் கேட்டாள்.

"வூட்டுக்கு வரியா, அக்கா?"

"வரல. என் எடத்துலதான் ரெண்டு பேரு கீறீங்களே."

கனகம் அப்படியே சுவரில் சாய்ந்தாள். இரண்டு பேர் என்பது தன்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"அவள தொரத்தாத" என்றது குரல். "நீ அசந்தப்போ எல்லாம் அவதான் தூளிய ஆட்டினா. அவளுக்குன்னு விளக்கு வெக்க ஒருத்தரும் இல்ல. நீங்க என் பேர சொல்லிக் கூப்ட்டீங்க, கூப்ட்டாங்களேன்னு அவ வந்துட்டா. ஏரித் தண்ணிதான இங்கயும் ஊறுது, எல்லாம் எனக்குக் கேக்கும். ஒருத்தரும் பேர கேக்கலன்னு அழுவுறா. அவ பேர கேளு."

கனகம் அழுதுகொண்டே, கல்யாணத்துக்கு உத்தரவு வேண்டும் என்று கேட்டாள்.

"அத என்னான்ட கேக்காத. வளத்தவ நீ, ஆட்டினவ அவ. நீங்க ரெண்டு பேரும் குடுங்க."

அவ்வளவுதான். ஜெயத்தின் கை தானாக இறங்கியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். "அம்மா, தலைய சுத்துது. போலாமா? நீ ஏன் அழுவுற?" என்றாள். கனகத்தைப் பார்த்துத்தான் அம்மா என்றாள். பேச்சு வந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றைக்குத்தான் அது முழுசாகத் தன்னுடையது என்று கனகத்துக்குப் பட்டது.

வெளியே வரும்போது அப்பாவு தரையைப் பார்த்தான். பொம்மையின் காலடியிலிருந்து வாசல்வரை ஈரமான கால் தடம். ஜெயத்தின் கால் ஈரமாகத்தான் இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான். போனவன், துடைக்கும் முன்னால், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் வைப்பது வழக்கம் என்று, விடிந்ததும் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். தணிகாசலத்துக்கு வயசாகிவிட்டது, ஆனாலும் பம்பையை அவரே தூக்கிவந்திருந்தார். பழைய பழக்கத்தில் ராஜாமணி என்று ஆரம்பித்தார். கனகம் தண்ணீரில் நின்றபடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பேரு வேணாம். வந்தவளேன்னு மட்டும் கூப்புடு. வந்த பிற்பாடு பேர கேளு" என்றாள்.

வாயில்லாப் பூச்சி வாயைத் திறந்ததில் எல்லப்பனே அசந்துபோனார். தணிகாசலம் மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தார். பம்பை நின்றுபோன அந்த ஒரு நிமிஷத்தை அவரும் மறக்கவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. சொன்னபடியே கூப்பிட்டார்.

குளிர்ச்சி ஏறியது. இந்தத் தடவை கழுத்தோடு நிற்கவில்லை, தலைக்கு ஏறிவிட்டது. கனகத்துக்கு நினைவு தப்பிப்போனது. பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். முடிச்சில் இன்னா கீது என்று கேட்டதற்கு, முடிச்சைத் தானே அவிழ்த்து, காலையில் கனகமே உள்ளே வைத்துக் கட்டியிருந்த தாழம்பூ மடலை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாளாம். பேர் என்ன என்று கேட்டதற்கு வெகு நேரம் பேசாமல் நின்றாளாம், மறந்துபோனதை யோசிக்கிறவள் மாதிரி. அப்புறம் சந்திரம்மா என்றாளாம். அந்தப் பேரில் ஒரு பெண் எந்தக் காலத்தில் எந்த ஊரிலிருந்து வந்து அந்த ஏரியில் போனாள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஜெயம் ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டாளாம். தலையில் வைத்த கை அம்மா கை மாதிரியே இல்லை, எலும்புக்குள் போகிற சில்லிப்பு, ஆனால் எடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஜெயம் சேரப்பணஞ்சேரிக்குப் போனாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வாரம் வீடு வெறிச்சென்று கிடந்தது. எல்லப்பன் வயலுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கனகம் பூசைப் பெட்டிக்கு முன்னால் விளக்கேற்றினாள். ஒரு தட்டில் சோறு வைத்தாள், பக்கத்தில் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். மூத்தாளே, தாயே என்று தினம் சொல்லுகிற வார்த்தை வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"சந்திரம்மா."

ஒன்றும் அசையவில்லை. விளக்கு நேராக எரிந்தது. கொஞ்சம் பொறுத்து, உள்ளே ஏதோ வேலையாக இருக்கிற பெண் குரல் கொடுப்பது போல, "ம்" என்று கேட்டது.

கனகம் தட்டை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தாள். "சோறு ஆறுது, வா" என்றாள்.